இழுவை பேப்பர்கிரீட் மிக்சர்: பின் ஆக்சிலை நிமிர்த்தி வைத்துச் செய்வது சரிவருமா?

மார்ச் 9

டெக்சாஸ் மாநிலத்து எல் பாசோவிலிருந்து ஒரு தம்பி கேட்டது:

"அண்ணா, எல் பாசோவுக்குக் கிழக்கே பாலையில் கொஞ்சம் நிலம் வாங்கியிருக்கிறேன். மின்சாரம் கிடையாது. காகிதக் கூழும் சிமெண்டும் கலந்த பேப்பர்கிரீட் செங்கல் போட்டு ஓர் அறை கட்டலாம் என்று எண்ணம். வாடகைக்கு எடுத்த சிமெண்ட் மிக்சரில் காகிதம் கூழாகவே மாட்டேன் என்கிறது, உருண்டை உருண்டையாக அதனுள்ளே புரள்கிறது. பழைய காரின் பின் ஆக்சிலைத் திருப்பி வைத்து, மேலே தொட்டியைப் பொருத்தி, பிக்கப்பில் மாட்டி இழுத்தால் தானாக அரைத்துவிடும் என்கிறார்கள். இது நடக்கிற காரியமா? ஆபத்தில்லையா?"

நடக்கிற காரியம்தான். நான் நியூ மெக்சிகோவில் டெமிங்குக்குத் தெற்கே அப்படி ஒன்றைச் செய்து இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஆபத்து இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் செய்முறைக்கே வருவேன்.

இந்த மிக்சருக்குச் சுவிட்ச் கிடையாது, கிளச் கிடையாது. தரையில் சக்கரம் உருண்டால் தொட்டிக்குள் பிளேடு சுற்றும். பிக்கப்பில் மாட்டியிருக்கிறதா இல்லையா என்பதை அது பார்க்காது. சரிவில் நிறுத்தி, கொக்கியைக் கழற்றிவிட்டு, உள்ளே சிக்கிய கம்பியை எடுக்கக் கையை விட்டீர்கள் என்றால், வண்டி ஓரடி நகர்ந்தாலே போதும், பிளேடு அரைச் சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். இதை மனத்தில் பதிய வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மார்ச் 9, இரவு

செய்முறையின் சாரம். எஞ்சின் பின் சக்கரத்தைச் சுழற்றும் வண்டியின் ஆக்சிலில் நடுவே டிஃபரென்ஷியல் உருண்டை இருக்கும், இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் கியர்ப் பெட்டி அது. அதிலிருந்து பினியன் தண்டு முன்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும், எஞ்சினிலிருந்து வரும் ஷாஃப்ட் அதில்தான் சேரும். ஆக்சிலை மொத்தமாகக் கால் சுற்று திருப்பினால் பினியன் வானத்தைப் பார்க்கும். அதன் மேல் அடியில் ஓட்டை போட்ட மாட்டுத் தண்ணீர்த் தொட்டியை உட்கார வைத்து, பினியன் முனையில் புல்வெட்டி பிளேடு ஒன்றைப் போல்ட் போட்டு மாட்டுகிறோம். இழுவைக்கு முன்னால் ஒரு சட்டம். அவ்வளவுதான். காரில் எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றும், இங்கே சக்கரம் பிளேடைச் சுழற்றுகிறது.

இந்த வடிவத்தை இந்தப் பக்கமெல்லாம் பரப்பியதில் மைக் மெக்கெய்னுக்குப் பெரிய பங்கு உண்டு. கொலராடோவிலும், அப்புறம் எங்களுக்குத் தெற்கே எல்லையோரக் கொலம்பஸ் ஊரிலும் பேப்பர்கிரீட்டில் வேலை செய்தவர். அந்தக் கொலம்பஸில் 'சிட்டி ஆஃப் தி சன்' என்ற குடியிருப்பில் இன்றும் பேப்பர்கிரீட் வீடுகளைப் பார்க்கலாம். தம்பிக்கு டெக்சாஸ் பக்கம் வசதி என்றால் மராத்தான் ஊரில் ஈவ்ஸ் கார்டன் என்ற பேப்பர்கிரீட் விடுதி இருக்கிறது. ஒருநாள் அங்கே தங்கிச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்து வேலையைத் தொடங்குங்கள். படத்தில் பார்ப்பது வேறு, சுவரில் கை வைத்துப் பார்ப்பது வேறு.

மார்ச் 11

ஆக்சில் எங்கே வாங்குவது, எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பழைய வண்டிக் கிடங்கில் பின் சக்கரத்தால் ஓடும் பிக்கப் எதனுடையதும் சரி. பார்க்க வேண்டியவை: இரண்டு பக்கமும் சக்கர பேரிங் ஆடக்கூடாது, பினியனைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் 'டக்' என்ற சத்தம் வரக்கூடாது, ஆயிலில் இரும்புத் துணுக்கு மின்னக்கூடாது. பிரேக் டிரம், பைப் எல்லாம் கழற்றிவிடலாம்.

என்னுடையது ஃபோர்டு பிக்கப் ஆக்சில், விகிதம் 3.73. அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் பினியன் ஏறக்குறைய மூன்றே முக்கால் சுற்று. உங்களுடையது என்ன விகிதம் என்று தெரியவில்லையா? ஒரு சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள், மற்றது தரையில் அசையாமல் இருக்கட்டும். தூக்கிய சக்கரத்தைக் கையால் சரியாக இரண்டு சுற்று சுற்றி, பினியன் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். அந்த எண்தான் விகிதம். ஏன் இரண்டு சுற்று? ஒரு பக்கம் நின்றுவிட்டால் டிஃபரென்ஷியல் மறுபக்கத்தின் சுழற்சியில் பாதியைத்தான் கிரௌனுக்கு, அதாவது பினியனோடு பல் சேரும் பெரிய கியருக்கு, கொடுக்கும்.

வேகத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். என் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.16 மீட்டர். மணிக்கு 24 கி.மீ. வேகத்தில் இழுத்தால் சக்கரம் நிமிடத்துக்கு 185 சுற்று, பிளேடு ஏறக்குறைய 700 சுற்று. பிளேடு அரை மீட்டர் நீளம் என்றால் அதன் நுனி மணிக்கு 65 கி.மீ. வேகத்தில் கூழைக் கிழிக்கிறது. புல்வெட்டியில் இதே பிளேடு 3000 சுற்றுக்கு அருகில் ஓடும். அதோடு பார்த்தால் இது நிதானம். காகிதத்துக்கு இது தாராளம், எலும்புக்கும் இது தாராளம்.

மார்ச் 12

மேலே உள்ள கணக்கைத் திரும்பப் படித்தபோது தோன்றியது. வேகத்தை விடத் தூரம்தான் முக்கியம். ஒரு கிலோமீட்டர் ஓட்டினால் என் பிளேடு ஏறக்குறைய 1730 முறை சுற்றும், மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் அதே எண்ணிக்கைதான். வேகம் கூடினால் ஒவ்வொரு அடியும் பலமாக விழும், கூடவே தொட்டித் தண்ணீரும் வெளியே கொட்டும். ஆகவே கரடுமுரடான பாதையில் அவசரப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. மெல்லப் போங்கள், இன்னும் ஒரு சுற்று கூடப் போங்கள்.

மார்ச் 16

கலவை விகிதம் கேட்டு மூன்று நான்கு பேர். இந்தப் பக்கத்தில் பரவலாகப் புழங்கும் விகிதம் 200 கேலன் தொட்டிக்கானது. கிலோவில் மாற்றித் தருகிறேன்: தண்ணீர் ஏறக்குறைய 600 லிட்டர், காய்ந்த காகிதம் 27 கிலோ, போர்ட்லாண்ட் சிமெண்ட் இங்கத்திய மூட்டை ஒன்று, அதாவது 43 கிலோ, மணல் 30 கிலோ. கூட்டிப் பாருங்கள், 700 கிலோ. தொட்டி, ஆக்சில், சட்டம் எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு டன் உங்கள் பின்னால் பிரேக் இல்லாமல் வருகிறது. சட்டத்துக்குக் கனமான பெட்டிக் குழாய் போடுங்கள், படுக்கைக் கட்டிலின் கோண இரும்பை வைத்து ஒட்டாதீர்கள்.

போடுகிற வரிசை: முதலில் தண்ணீர், பிறகு காகிதம். முடிந்தால் முதல்நாளே ஊற வையுங்கள். மணலைக் காகிதத்தோடே போடுவது என் பழக்கம், உரசி உரசி நாரைப் பிரிக்கிறது. காகிதம் முழுவதும் கரைந்து அடை மாவுப் பதத்துக்கு வந்த பிறகுதான் சிமெண்ட். அதன்பின் அது சீராகக் கலக்கும் அளவுக்கு ஒரு சிறு ஓட்டம் போதும்.

பதம் பார்க்க ஒரு வழி. வண்டியை நிறுத்தி, இரண்டு சக்கரத்துக்கும் கட்டை போட்டு, நீளப்பிடி அகப்பையால் கொஞ்சம் அள்ளி ஒரு கண்ணாடிச் சீசாவில் போட்டு, பாதி தண்ணீர் விட்டுக் குலுக்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நார் தனித்தனியாக மிதந்தால் சரி. எழுத்து படிக்கிற அளவுக்குத் துண்டு ஏதாவது கண்ணில் பட்டால் இன்னும் ஓட்டுங்கள். துண்டு காகிதம் சிமெண்டை ஒட்டவிடாது, காய்ந்ததும் அந்த இடத்தில் அடுக்கு அடுக்காக உரியும்.

செய்தித்தாள் சீக்கிரம் கரையும். அட்டைப்பெட்டி நேரம் எடுக்கும், ஆனால் நார் நீளம் என்பதால் செங்கல் வலுவாக வருகிறது. பளபளப்பான பத்திரிகைக் காகிதத்தில் பூச்சுக் களிமண் அதிகம், நார் குறைவு. அதை மட்டும் வைத்து ஒரு தொட்டி போடாதீர்கள். பிளாஸ்டிக் உறை, கயிறு, கட்டுக்கம்பி மூன்றையும் உட்கார்ந்து பொறுக்கி எடுங்கள். ஊசிப்பின் இருந்தால் போகட்டும்.

மார்ச் 17

"பிளேடைச் சாணை பிடிக்க வேண்டுமா?" என்று கேள்வி. கூர் இல்லாமலும் கரைகிறது, ஊறிய காகிதம் வெட்டுப்பட்டுக் கூழாவதில்லை, தண்ணீரின் இழுவையில் கிழிந்துதான் கூழாகிறது. அட்டை அதிகம் போடுகிறவர்களுக்குக் கூர் கொஞ்சம் உதவும். எனக்கு மழுங்கலே போதும். கழுவும்போது கைக்கு நல்லது.

அதைவிட முக்கியம், பிளேடின் பின்விளிம்பு மேலே வளைந்திருக்கும் அல்லவா, அது எந்தப் பக்கம் என்பது. முன்னோக்கி ஓட்டும்போது அந்த வளைவு கூழை மேலே தூக்கிவிட வேண்டும், அப்போதுதான் அடியில் மணல் தங்காது. மாட்டுவதற்கு முன் வண்டியைக் கையால் முன்னே தள்ளி பினியன் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்துக் குறித்து வையுங்கள். ஆக்சிலை முன்பின்னாக மாற்றி வைத்தால் சுழற்சியும் மாறும்.

மார்ச் 23

தம்பி தொட்டியை ஆக்சிலுக்கு நேர் மேலே, பிளேடு நட்ட நடுவில் வரும்படி வரைபடம் அனுப்பியிருக்கிறார். வரைபடம் அழகு. ஆனால் இப்படி வைத்தால் இரண்டு தொல்லை.

ஒன்று, பாரம் முழுக்க ஆக்சில் மேலேயே நிற்கிறது, கொக்கியில் பாரமே இல்லை. மேடேறும்போது 600 லிட்டரும் பின்பக்கம் சாயும். இழுவைச் சட்டம் கொக்கியை மேலே தூக்கப் பார்க்கும், வண்டியின் பின்பக்கம் இலேசாகிவிடும், டிரெய்லர் வாலாட்டும். மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் இறங்க வேண்டும். அதற்குத் தொட்டியைச் சற்று முன்னால் தள்ளி வைக்க வேண்டும்.

இரண்டு, நடுவில் சுற்றும் பிளேடு கூழ் முழுவதையும் ஒரே சுழலாகத் தன்னோடு சுற்றிக்கொண்டு போகும். நடுவில் குழி விழும், ஓரத்தில் வழியும், காகிதம் பிளேடில் மாட்டாமல் கூடவே வலம் வரும். தொட்டியை முன்னால் தள்ளினால் பிளேடு மையத்தைவிட்டு விலகி நிற்கும், சுழல் தானாகக் கெடும், கலவை புரளும். ஆக, ஒரே மாற்றத்தில் இரண்டு தொல்லையும் தீர்கிறது. எனக்கு இந்த மிக்சரில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான். உள்சுவரில் நெட்டாக இரண்டு மூன்று கோண இரும்புப் பட்டையும் போல்ட் செய்துவிடுங்கள், இன்னும் நல்லது.

மார்ச் 24

பிளேடைப் பிடிக்கும் நட் பற்றி எழுதாமல் விட்டால் சரியாக இருக்காது. வண்டியைப் பின்னால் எடுத்தால் பிளேடு எதிர்ப்பக்கம் சுற்றும். சாதாரண நட் அப்படியே கழன்று வரப் பார்க்கும். பள்ளம் வெட்டிய நட் போட்டு அதில் காட்டர் பின் (நட் கழலாமல் தடுக்கும் பிளந்த கம்பி) குத்துங்கள். ஓட்டும் பாதையை வட்டமாக அமைத்துக்கொண்டால் பின்னால் எடுக்கும் வேலையே வராது.

அப்புறம் வெட்டுப் போல்ட். பிளேடுக்கும் பினியன் தட்டுக்கும் இடையே மெல்லிய, மென்மையான போல்ட் ஒன்று சுமையைத் தாங்கும்படி வையுங்கள். உள்ளே கல் மாட்டி பிளேடு இறுகினால் அந்தப் போல்ட் அறுந்து மற்றதைக் காப்பாற்றும். அது இல்லாவிட்டால் என்ன ஆகும்? பினியன் நின்றால் நேராகப் போகும் வண்டியில் இரண்டு சக்கரமும் நின்றுவிடும், டயர் தரையில் தேய்ந்துகொண்டே வரும். கண்ணாடியில் பார்த்தால் புழுதி இரண்டு கோடாக எழும்பும். அதைக் கண்டால் உடனே நிறுத்துங்கள்.

ஏப்ரல் 6

இங்கே வசந்தகாலக் காற்று தொடங்கிவிட்டது. சிமெண்ட் மூட்டையை இந்தக் காற்றில் பிரிக்காதீர்கள். சிமெண்ட் தூசும் மணல் தூசும் நுரையீரலுக்கு ஆகாது, என்-95 முகமூடி இல்லாமல் கொட்டக்கூடாது. ஈரச் சிமெண்ட் கூழ் இன்னும் மோசம். அதன் காரத்தன்மை பி.எச். 12-க்கு மேல். தோலில் பட்டவுடன் எரியாது, அதுதான் சூது. பூட்ஸுக்குள் கூழ் இறங்கி மாலைவரை அப்படியே இருந்தால் ராத்திரி தோல் புண்ணாகியிருக்கும். ரப்பர் கையுறை, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், பக்கம் மூடிய கண்ணாடி. வண்டியில் ஒரு கேன் நல்ல தண்ணீர் தனியாக இருக்கட்டும், கண்ணில் தெறித்தால் வீட்டுக்கு ஓட நேரமிருக்காது.

வடிகிற தண்ணீரும் காரம்தான். செடி வேரில் விடாதீர்கள்.

ஏப்ரல் 8

டிஃபரென்ஷியலுக்குள் தண்ணீர் போவது பற்றி நிறையக் கேள்வி. போகும், கவனிக்காவிட்டால் கட்டாயம் போகும். பினியன் சீல் என்பது உள்ளே இருக்கும் ஆயில் வெளியே வராமல் தடுக்கச் செய்தது. வெளியே இருக்கும் மணலையும் கூழையும் அதை மட்டும் நம்பித் தடுக்க முடியாது. நான் செய்தது இது: தொட்டி அடிப்பகுதி ஓட்டையைச் சுற்றி ஒரு குழாய்த் துண்டை மேல்நோக்கி வெல்டு வைத்து, பினியன் கழுத்தையும் அந்தக் குழாயையும் பழைய டியூப் ரப்பரால் சுற்றி, இரண்டு பக்கமும் ஹோஸ் கிளாம்ப் இறுக்கியிருக்கிறேன். பினியன் சீலுக்கு மேலே கிரீஸ் நிரப்பிய சிறு கிண்ணம். கூழ் அங்கே வந்தாலும் முதலில் கிரீஸைத்தான் சந்திக்கும்.

ஆயில் விஷயமும் இங்கே மாறுகிறது. காரில் பினியன் படுத்திருக்கும், கிரௌன் சுற்றும்போது ஆயிலை வாரி அடித்து பேரிங்கை நனைக்கும். நிமிர்த்தி வைத்தால் மேல் பேரிங் ஆயில் மட்டத்துக்கு வெகு மேலே போய்விடும், காய்ந்துபோகும். வழக்கமான அளவைவிட அதிகம் ஊற்றுங்கள், மேல் பேரிங்குக்குத் தனியாகக் கிரீஸ் நிப்பிள் வைத்தால் நிம்மதி. ஆக்சிலின் மூச்சுக்குழாயையும், அதாவது உள்காற்று வெளியேறும் சிறு துளையையும், மறக்க வேண்டாம். திருப்பி வைத்ததும் அது பக்கவாட்டிலோ கீழேயோ வந்துவிடும், ஆயில் அதன் வழியாக ஒழுகும். பழைய ஓட்டையை அடைத்து, ஒரு ஹோஸ் வைத்துத் தொட்டி விளிம்பு உயரத்துக்கு ஏற்றிக் கட்டுங்கள்.

ஆயிலைத் திறந்து பார்க்கும் பழக்கம் வேண்டும். பால் கலந்த நிறமாக இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

ஏப்ரல் 19

இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஒருவர் அனுப்பிய காணொளியில் மிக்சர் ஓடிக்கொண்டிருக்கிறது, சிறுவன் ஒருவன் இழுவைச் சட்டத்தின் மேல் நின்றுகொண்டு தொட்டிக்குள் காகிதம் போடுகிறான். தயவுசெய்து வேண்டாம். ஓடும்போது தொட்டியின் அருகே ஆளே இருக்கக்கூடாது, பிக்கப்பின் பின்தட்டிலும் கூடாது. காகிதத்தை நின்றபோதுதான் போட வேண்டும். அவசரம் என்றால் இரண்டாகப் பிரித்துப் போடுங்கள், பாதி அரைந்ததும் நிறுத்தி மீதியைச் சேர்க்கலாம்.

தொட்டியின் மேல் வெல்டு கம்பி வலையை இரண்டு பாதியாக அடித்துக் கீல் வைத்து, தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். வலைக்கண் என் கை நுழையாத அளவு. கூழை அந்த வலை வழியாகப் பார்க்கலாம், காகிதம் போட மட்டும் ஒரு பாதியைத் திறக்கலாம்.

கையை உள்ளே விடும் முன் என் வரிசை: பிக்கப்பை நிறுத்து, சாவியைச் சட்டைப்பையில் போடு, இரண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை போடு, பிளேடை ஒரு மரக்கட்டையால் தள்ளிப் பார். அசையாவிட்டால் மட்டும் கை. இரண்டு சக்கரமும் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒன்று கட்டையில் நின்று மற்றது தரையைவிட்டு எழும்பியிருந்தால் பிளேடு சுதந்திரமாகச் சுற்றும். பள்ளத்தில் நிறுத்திய வண்டியில் இது சாதாரணமாக நடக்கும்.

இரவில் தொட்டியைக் காலி செய்துவிடுங்கள். முக்கால் மீட்டர் ஆழத் தண்ணீர் குழந்தைக்குப் போதும்.

ஏப்ரல் 20

நேற்றைய குறிப்புக்கு நிறையப் பதில். ஒருவர், "பாதையே இல்லாத சின்ன மனை. பிக்கப்பின் பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி, அந்த டயர் மிக்சர் டயரை உரசிச் சுற்றும்படி வைக்கலாமா?" என்கிறார்.

சுற்றும். செய்யாதீர்கள். ஒரு சக்கரம் மட்டும் தூக்கிய வண்டியில் அந்தச் சக்கரம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். ஜாக்கி அதிர்வில் நழுவினால் கியரில் இருக்கும் வண்டி தரையில் இறங்கி நேரே தொட்டி மேல் பாயும். இடமில்லாதவர்களுக்கு மோட்டார் வைத்த சின்னத் தொட்டிதான் வழி. இழுவை மிக்சர் நீளமான மண்பாதை உள்ளவர்களின் கருவி.

மே 3

தென்காசியிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். அவருடைய ஆச்சி பழைய பேப்பரை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து ஆட்டி, குடத்தின் மேல் அப்பிக் காயவைத்துக் கூடை செய்வாராம். "நம்மூரில் பேப்பர்கிரீட் வீடு ஏன் கட்டக்கூடாது?" என்கிறார். படித்ததும் எங்கள் வீட்டுப் பரணில் இருந்த கூடை ஞாபகம் வந்தது, அதில் எங்கள் அம்மா வற்றல் வைத்திருந்தாள். வெந்தயத்தின் பசை நாரைப் பிடித்துக்கொள்ளும், கசப்புக்குப் பூச்சியும் வராது என்பார்கள்.

தங்கைக்கு என் பதில்: கூடை பரணில் இருந்தது, மழையில் இல்லை. பேப்பர்கிரீட் தண்ணீரை உறிஞ்சும். இங்கே டெமிங்கில் வெயில் நாளில் செங்கல் திருப்பிப் போடப்போட உலர்ந்துவிடுகிறது, ஆனாலும் உள்வரை காய வாரக்கணக்கில் ஆகிறது. குற்றாலச் சாரலில் அது காயும் முன் பூஞ்சை பிடிக்கும். கரையானையும் எண்ணிப் பாருங்கள். செய்தே ஆக வேண்டும் என்றால் தை மாசி கழிந்து கோடையில் போட்டு, கருங்கல் அஸ்திவாரத்தின் மேல், நீளமான தாழ்வாரத்தின் கீழ், பாரம் தாங்காத உள்சுவராக மட்டும் கட்டுங்கள்.

போராக்ஸ் சேர்க்கலாமா என்றும் கேட்டார். பூஞ்சைக்கும் கரையானுக்கும் அது நல்லது, ஆனால் சிமெண்ட் இறுகுவதைத் தாமதப்படுத்தும். சிறிய அச்சில் சோதித்துப் பார்க்காமல் முழுத் தொட்டியில் கொட்ட வேண்டாம்.

மே 4

நெருப்பு பற்றி ஒருவர் அடித்துச் சொல்கிறார், "சிமெண்ட் இருப்பதால் எரியவே எரியாது". இது பாதி உண்மை. சுவாலை விட்டு எரியாது. ஆனால் சிமெண்ட் குறைவாகப் போட்ட செங்கலில் கனல் பிடித்தால் உள்ளுக்குள் புகைந்துகொண்டே போகும். நான் ஒரு துண்டை ஊதுவிளக்கால் ஓர் ஓரத்தில் சிவக்க வைத்துவிட்டு வெளியே மணலில் போட்டு வைத்தேன். மேலே வெறும் கறைதான் தெரிந்தது, லேசான புகை வாடை. மறுநாள் காலை விரலால் அழுத்தினால் ஓடு மட்டும் நின்றது, உள்ளே சாம்பல். ஆகவே அடுப்புக்குழாய் சுவரைத் துளைக்கும் இடத்தில் பேப்பர்கிரீட் கூடாது, அங்கே செங்கலோ கல்லோ வையுங்கள். இருபுறமும் சிமெண்ட் பூச்சு போடுங்கள். மின்கம்பியை இரும்புக் குழாய்க்குள் கொண்டு போங்கள்.

வீடு கட்டும் விதி பற்றியும் ஒரு வார்த்தை. அடோபி மண்சுவருக்கு நியூ மெக்சிகோவில் தனி விதியே இருக்கிறது, பேப்பர்கிரீட்டுக்குப் பொதுக் குடியிருப்பு விதியில் இடம் இல்லை. தூண், உத்தரம் நிறுத்தி இடையில் நிரப்பும் சுவராகக் காட்டினால் பேசவாவது முடியும். மண்ணைக் கிளறும் முன் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் பேசிவிடுங்கள்.

மே 21

தம்பி மிக்சரை முடித்துவிட்டார்! படம் பார்த்தேன். வெல்டு நன்றாக இருக்கிறது. பாதுகாப்புச் சங்கிலி இரண்டும் நேராகத் தொங்குகின்றன, கொக்கிக்குக் கீழே குறுக்காக மாற்றிப் போடுங்கள். கொக்கி கழன்றால் சட்டத்தின் மூக்கு மண்ணில் குத்தாமல் அந்தப் பின்னலில் உட்காரும். காகிதம் போடும் முன் வெறும் தண்ணீரோடு ஒரு சுற்று போய்வாருங்கள். எங்கே ஒழுகுகிறது, எங்கே ஆடுகிறது என்று அது சொல்லிவிடும். பொதுச்சாலையில் ஏற்ற வேண்டாம், விளக்கும் பதிவும் பிரேக்கும் இல்லாத ஒரு டன் அது.

டயரைப் பார்த்ததும் இன்னொன்று. உங்கள் நிலத்தில் தரையோடு படர்ந்து மஞ்சள் பூ பூத்திருக்கிறதே, அது நம்மூர் நெருஞ்சிதான், அதே செடி. இந்தப் பாலையில் டயருக்கு அதுதான் முதல் எதிரி. தொட்டி நிறையச் சிமெண்ட் கலவையோடு பஞ்சரானால் அது உள்ளேயே இறுகிப்போகும். பஞ்சர் அடைக்கும் திரவத்தை முன்கூட்டியே ஊற்றி வையுங்கள், மாற்றுச் சக்கரம் இல்லாமல் சிமெண்ட் மூட்டையைப் பிரிக்காதீர்கள். ஓட்டும் பாதையை மண்வெட்டியால் ஒருமுறை சுரண்டிவிட்டால் அந்தப் பருவம் ஓரளவு ஓடும்.

ஜூலை 14

மழைக்காலம் வந்துவிட்டது. மதியம் மூன்று மணிக்கு மேகம் கட்டி அரைமணி நேரம் கொட்டிவிட்டுப் போகிறது. ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை நான் புதுச் செங்கல் போடுவதில்லை. போட்டதைத் தார்ப்பாய் போட்டு மூடுகிறேன், மழை விட்டதும் பக்கம் எல்லாம் திறந்து காற்று விடுகிறேன். மூடியே வைத்தால் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

தம்பி கேட்டார், செங்கல் ஒரு பக்கம் வாழையிலை மாதிரி வளைகிறதே என்று. மேல்பக்கம் வெயிலில் காய்ந்து சுருங்குகிறது, அடிப்பக்கம் தரையில் ஈரமாகவே இருக்கிறது. எடுக்கிற அளவுக்கு இறுகியதும் விளிம்பில் நிமிர்த்தி வையுங்கள், இரண்டு முகத்திலும் காற்று படட்டும். சுருங்கத்தான் செய்யும், அச்சைக் கொஞ்சம் பெரிதாகச் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை. முழுக்கக் காயாத செங்கலைச் சுவரில் வைத்தால் சுவர் சுருங்கும், பூச்சு வெடிக்கும். என்னைக் கேட்டால் மிக்சர் செய்வதைவிட இந்தக் காத்திருப்புதான் கடினம்.

அக்டோபர் 5

ஆயில் எந்தத் தரம் என்று மீண்டும் கேட்டிருக்கிறார்கள். சாதாரண 80-90 கியர் ஆயில் போதும். இந்த வேகத்தில் அது சூடாவதுகூட இல்லை. பருவம் முடிந்ததும் வடித்துவிட்டுப் புதியது ஊற்றுங்கள், எப்படியும் கொஞ்சம் ஈரம் சேர்ந்திருக்கும்.

கழுவுவது பற்றி: கடைசிக் கலவையைக் கொட்டியவுடன் கால் தொட்டி தண்ணீர் விட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள், பிளேடே உள்பக்கத்தைக் கழுவிவிடும். பிறகு வடித்து, கட்டை போட்டு, ஓரத்தில் ஒட்டியதை மரக்கரண்டியால் சுரண்டுங்கள். மறுநாளைக்கு என்று தள்ளிப்போட்டால் உளி தேவைப்படும். வடிகால் வாய்க்கு 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த குழாய் வைக்காதீர்கள், கூழ் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் வெளியிலிருந்து கம்பால் குத்துங்கள், உள்ளே இருந்து கையால் அல்ல.